இடம் இருக்கு, ஆனா காப்பி ஆகல: டிஸ்க்ல ஃபைலுக்கு இடம் ஒதுக்குற கதை

போன மாசம் சித்தப்பா பையன் வந்தான், கல்யாண வீடியோவ பென்டிரைவ்ல ஏத்தி ஊருக்கு எடுத்துட்டு போகணுமாம். 32 ஜிபி பென்டிரைவ், புதுசு, கவர் பிரிச்சு பத்து நிமிஷம்கூட ஆகல. வீடியோ 6 ஜிபிக்கு கொஞ்சம் கம்மி. காப்பி போட்டா ஃபைல் ரொம்ப பெருசுன்னு சொல்லி விண்டோஸ் நின்னுடுது. "அண்ணே, 32ன்னு அட்டைல போட்டு உள்ள 4 ஜிபிதான் வச்சிருக்கான்ணே, கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்"னு ஒரே புலம்பல். கடைக்காரர் பாவம், அவர் மேல தப்பே இல்ல. பென்டிரைவ்லயும் தப்பு இல்ல. பிரச்சனை அதுக்குள்ள இருக்கிற கணக்கு நோட்டுல. இத அவனுக்கு விளக்க ஆரம்பிச்சு ஒரு டீ நேரம் போயிடுச்சு, அத அப்படியே இங்க எழுதிடலாம்னு தோணுச்சு.

முதல்ல ஒண்ண தெளிவா பிடிச்சுக்கங்க. டிஸ்க்குக்கு ஃபைல்னா என்னன்னே தெரியாது. அதுக்கு தெரிஞ்சதெல்லாம் நம்பர் போட்ட கட்டங்கதான். 512 பைட்டு ஒரு செக்டார், இப்ப வர்ற டிஸ்க்ல 4096 பைட்டு. "நம்பர் 80,412ல இருக்கிறத குடு"ன்னா குடுக்கும், "இத 80,413ல எழுது"ன்னா எழுதும், அவ்ளோதான். கல்யாண வீடியோ, அதுக்கு ஒரு பேரு, அது ஒரு ஃபோல்டருக்குள்ள இருக்கு, இதெல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டம் நமக்காக கட்டி வச்சிருக்கிற கதை. அந்த கதைய எழுதி வைக்கிற நோட்டுக்குத்தான் ஃபைல் சிஸ்டம்னு பேரு. எந்த ஃபைல் எந்தெந்த கட்டத்துல இருக்கு, எந்த கட்டம் காலியா இருக்கு, இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் அதுலதான் இருக்கு.

செக்டார் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கணக்கு வச்சா நோட்டு பெருத்துடும்னு, சில செக்டார சேத்து ஒரு கட்டா கட்டி அதுக்கு கணக்கு வச்சுக்குவாங்க. லினக்ஸ் ஆளுங்க அத பிளாக்னு சொல்லுவாங்க, விண்டோஸ் பக்கம் கிளஸ்டர், விஷயம் ஒண்ணுதான். ஒரு ஃபைலுக்கு கொடுத்தா முழு கிளஸ்டரா தான் கொடுக்கும், பாதி கிளஸ்டர்லாம் பொதுவா கிடையாது. அரை கிலோ பாக்கெட்டா மட்டும் விக்கிற கடைல 50 கிராம் சீரகம் கேட்ட மாதிரி.

இத கண்ணால பாக்கணும்னா நோட்பேட திறந்து "அம்மா"ன்னு மட்டும் அடிச்சு சேவ் பண்ணுங்க. யுனிகோட்ல தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும், யுடிஎஃப்-8ங்கிற சேமிக்கிற முறைல 3 பைட்டு, அம்மாங்கிறது உள்ளுக்குள்ள அ, ம, புள்ளி, ம, துணைக்கால்னு அஞ்சு துண்டு, ஆக 15 பைட்டு. இப்ப அந்த ஃபைல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் பாத்தா சைஸ்னு ஒரு வரியும், டிஸ்க்ல எடுத்துக்கிட்ட சைஸ்னு இன்னொரு வரியும் இருக்கும். 16 கேபி கிளஸ்டரோட, ஃபேட்32ங்கிற ஃபைல் சிஸ்டம்ல பார்மட் பண்ண பென்டிரைவ்ல இந்த 15 பைட்டு ஃபைல் 16,384 பைட்டு இடத்த பிடிச்சிட்டு உக்காந்திருக்கும். அதே ஃபைல சி டிரைவ்ல போட்டா டிஸ்க்ல எடுத்தது பூஜ்யம்னு காட்டும்! முதல் தடவ பாத்தப்ப ஏதோ பக்னுதான் நான் நினைச்சேன். அது பக் இல்ல. சி டிரைவ்ல இருக்கிறது என்டிஎஃப்எஸ்ங்கிற வேற ஃபைல் சிஸ்டம், அது ஃபைல் ஒவ்வொண்ணுக்கும் நோட்டுல பொதுவா 1 கேபி அளவுக்கு ஒரு பதிவு ஒதுக்குது, ஃபைலே பொடிசா இருந்தா தனியா கிளஸ்டர் எதுக்குன்னு அந்த பதிவுக்குள்ளயே விஷயத்தையும் எழுதி வச்சிடும். அதான் பூஜ்யம்.

சரி, பெரிய ஃபைலுக்கு எப்படி கட்டம் ஒதுக்குறது? மனசுல முதல்ல தோணுற வழி, வரிசையா பக்கத்து பக்கத்துல கொடுத்துடறது. நோட்டுல எழுத வேண்டியதும் கம்மி, 500வது கட்டத்துல ஆரம்பம், மொத்தம் 40 கட்டம், முடிஞ்சது. படிக்கவும் படு வேகம். ஆனா பஸ்ல அஞ்சு பேர் குடும்பமா ஏறினா என்ன ஆகும்னு யோசிங்க, முன்னாடி ஒண்ணு, நடுவுல ரெண்டு, கடைசி சீட்ல மூணுன்னு மொத்தம் ஆறு சீட் காலி, ஆனா அஞ்சு பேரும் சேந்துதான் உக்காருவோம்னு அடம்பிடிச்சா அடுத்த பஸ்தான். டிஸ்க்லயும் அதே கதை, ஃபைல அழிச்சு அழிச்சு எழுதும்போது காலி இடம் துண்டு துண்டா சிதறிடும், மொத்தத்துல இடம் இருக்கும், சேந்தாப்ல இருக்காது. இன்னொரு தொல்லையும் இருக்கு. ஃபைல் நாளைக்கு வளரும், பக்கத்து கட்டத்துல வேற ஃபைல் குடி வந்திருக்கும், அப்புறம் எங்க போறது?

அதனால இந்த முறையே உபயோகம் இல்லன்னு நினைக்காதீங்க. சிடி ராம்ல இதுதான் நடந்துச்சு, ஒரு தடவ எழுதினா அப்புறம் வளர்றதும் இல்ல அழியறதும் இல்ல, வரிசையா அடுக்கிட்டா போச்சு. ஐபிஎம் மெயின்ஃப்ரேம்னு சொல்ற பெரிய கம்ப்யூட்டர்ல கிட்டத்தட்ட இதே யோசனைய ஒரு படி நீட்டி வச்சாங்க. ஃபைல உருவாக்கும்போதே, வேலைய எப்படி ஓட்டணும்னு எழுதி கொடுக்கிற ஜேசிஎல்ல ஸ்பேஸ்னு ஒரு வரி எழுதி, முதல்ல இவ்வளவு சிலிண்டர் (அங்க டிஸ்க் இடத்த அளக்கிற கணக்கு) வேணும், பத்தலன்னா ஒவ்வொரு தடவையும் இவ்வளவு கூட கொடுன்னு நாமளே சொல்லணும். சாதாரண டேட்டாசெட்டுக்கு, அதாவது அவங்க ஊரு ஃபைலுக்கு, ஒரு வால்யூம்ல, அதாவது ஒரு டிஸ்க்ல, அதிகபட்சம் 16 துண்டு வரைக்கும்தான், அதுக்கு மேல போனா ஜாப் படுத்துடும். சென்னைல மெயின்ஃப்ரேம் சப்போர்ட்ல நைட் ஷிஃப்ட் பாத்த யார வேணா கேளுங்க, இப்படி இடம் பத்தாம ஜாப் படுக்கிறதுக்கு பேரு "பி37 அபெண்ட்", அத சொன்னாலே முகம் மாறும், ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வர்றதே பல நாள் இதுக்குத்தான்.

அடுத்த யோசனை, சேந்து உக்கார வேணாம், கிடைச்ச சீட்ல உக்காருங்க, அடுத்தவர் எங்க இருக்கார்னு மட்டும் ஒவ்வொருத்தரும் ஞாபகம் வச்சுக்கங்க. ஊர்ல வீடு விசாரிச்சு போற மாதிரிதான், டீக்கடைல கேட்டா போஸ்ட் ஆபீஸ்கிட்ட கேளுங்கம்பாங்க, அங்க போனா கோயில் தெரு முக்குல கேளுங்கம்பாங்க. போய் சேந்துடலாம், ஆனா நேரா நடுவுல குதிக்க முடியாது. வீடியோவ பாதியிலேருந்து ஓட்டணும்னா மொத பாதி கட்டம் பூரா ஒவ்வொண்ணா தொட்டுட்டுத்தான் போகணும். அதவிட மோசம், நடுவுல ஒரு கட்டம் கெட்டுப்போனா அதுக்கு பின்னாடி இருக்கிறவங்க எல்லாம் காணாம போயிடுவாங்க.

இந்த சங்கிலிய கட்டங்களுக்குள்ள வைக்காம, மொத்தமா எடுத்து டிஸ்க்கோட முன்பக்கத்துல ஒரே அட்டவணையா வச்சதுதான் ஃபேட். 1977ல மார்க் மெக்டொனால்டுங்கிறவர் மைக்ரோசாஃப்ட்டோட பேசிக்ங்கிற புரோகிராமிங் மொழிக்காக எழுதின ஐடியா, ஃபிளாப்பி காலத்து சரக்கு, இன்னிக்கு வரைக்கும் பென்டிரைவ், மெமரி கார்டுன்னு ஓடிட்டுத்தான் இருக்கு. நம்ம பென்டிரைவ்ல 60 கேபி போட்டோ ஒண்ணு இருக்குன்னு வச்சுக்கங்க. கிளஸ்டர் 16 கேபி, அப்ப நாலு கிளஸ்டர் வேணும். ஃபோல்டர் பதிவுல போட்டோவோட பேரு, சைஸு, ஆரம்பம் 31ன்னு இருக்கும். அட்டவணைல 31வது கட்டத்துல 32ன்னு எழுதியிருக்கும், 32ல 58, 58ல 41, 41ல முடிஞ்சதுன்னு ஒரு குறி. பூஜ்யம் இருந்தா அந்த கிளஸ்டர் காலி. பாருங்க, எங்க இருக்கு, எது காலின்னு நான் முன்னாடி சொன்ன ரெண்டு கேள்விக்கும் ஒரே அட்டவணைல பதில். அட்டவணைய ராம்ல ஏத்திக்கிட்டா சங்கிலி தேடுறதும் வேகமா நடந்துடும். அட்டவணை கெட்டா எல்லாமே போச்சேன்னு பொதுவா ரெண்டு காப்பி வச்சிருப்பாங்க.

ஃபைல அழிச்சா என்ன நடக்குதுன்னு இங்க நல்லா பாக்கலாம். பேரோட முதல் எழுத்து இருக்கிற இடத்துல ஒரு தனி குறி விழும், அட்டவணைல 31, 32, 58, 41 நாலும் பூஜ்யம் ஆகும். அவ்ளோதான், போட்டோ அங்கேயே அப்படியே கிடக்கும், வேற யாரும் மேல எழுதற வரைக்கும். அழிஞ்சத மீட்கிற சாஃப்ட்வேர்லாம் இத நம்பித்தான் பொழைக்குது. ஆனா ஆரம்பம் 31ங்கிறது மட்டும்தான் மிச்சம், சங்கிலி அறுந்துடுச்சு இல்லையா, அதனால 31, 32, 33, 34ன்னு வரிசையா இருக்கும்னு ஒரு குத்துமதிப்புல எடுக்கும். மெமரி கார்ட்லேருந்து மீட்ட போட்டோவுல மேல் பாதி மூஞ்சி, கீழ் பாதி சாம்பல் கலர்னு பாத்திருக்கீங்களா? 33ல வேற எதையோ எடுத்து ஒட்டினா வேற எப்படி இருக்கும்.

இப்ப கல்யாண வீடியோவுக்கு வருவோம். அந்த பென்டிரைவ்ல இருந்தது ஃபேட்லயே ஒரு வகையான ஃபேட்32, அதோட ஃபோல்டர் பதிவுல ஃபைல் சைஸ் எழுதற இடம் 32 பிட்டு. அதுல எழுத முடிஞ்ச பெரிய எண் 4,29,49,67,295, அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட்டு கம்மி. பென்டிரைவ்ல 32 ஜிபியும் பத்திரமா காலியாத்தான் இருக்கு, நோட்டுல அந்த எண்ண எழுத கட்டம் பத்தல! பழைய ஃபாரத்துல சம்பளம்னு நாலு கட்டம் போட்டிருப்பாங்களே, அது மாதிரி. எக்ஸ்ஃபேட்ங்கிற இன்னொரு ஃபைல் சிஸ்டம்ல பார்மட் பண்ணி கொடுத்தேன், அதுல சைஸுக்கு 64 பிட்டு. அதுல இன்னொரு சின்ன சாமர்த்தியமும் உண்டு, காலி கணக்கு பிட்மேப்ங்கிற தனி அட்டவணைல இருக்கும், ஃபைல் வரிசையா உக்காந்திருந்தா சங்கிலியே எழுத வேணாம்னு ஒரு குறி போட்டு விட்டுடும். வீடியோ ஏறிடுச்சு, பையனும் கிளம்பிட்டான்.

நான் தினமும் குப்பை கொட்டுறது லினக்ஸ் சர்வர்ல, அங்க கதை வேற. லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ செஞ்சவங்க யோசிச்சது, மொத்த டிஸ்க்குக்கும் ஒரு அட்டவணை எதுக்கு, ஃபைலுக்கு ஃபைல் தனி சீட்டு வச்சுக்கலாமேன்னு. அந்த சீட்டுதான் ஐநோட். ஓனர் யாரு, பர்மிஷன் என்ன, சைஸ் எவ்வளவு, பிளாக் எங்கெங்க, எல்லாம் அதுல. பேரு மட்டும் அதுல இருக்காது, பேரு ஃபோல்டர்ல இருக்கும், இந்த பேருக்கு இந்த ஐநோட் நம்பர்னு.

லினக்ஸோட பழைய ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி2வோட சீட்ட எடுத்து பாத்தா ரசிச்சு செஞ்சிருப்பாங்க. பிளாக் நம்பர் எழுத 15 இடம். முதல் 12ல நேரா பிளாக் நம்பர், பிளாக் 4 கேபின்னா 48 கேபி வரைக்கும் இதுலயே முடிஞ்சுது, யுனிக்ஸ்ல ஃபைல்ங்க பெரும்பாலும் பொடிசு, ஆக பல ஃபைலுக்கு இதுவே தாராளம். 13வது இடத்துல இருக்கிற நம்பர் ஒரு பிளாக்க காட்டும், அந்த பிளாக் முழுக்க பிளாக் நம்பரா இருக்கும், 4 பைட்டுக்கு ஒண்ணுன்னு 1024 நம்பர், கூட 4 எம்பி. 14வது இடம் ரெண்டு அடுக்கு, 1024 தடவ 1024, கூட 4 ஜிபி. 15வது மூணு அடுக்கு, கணக்குக்கு 4 டிபி. சின்ன ஃபைலுக்கு சுமை இல்ல, பெரிய ஃபைலுக்கு வழி அடைக்கல, நடுவுல குதிக்கணும்னா மூணு நாலு தாவல்ல போயிடலாம். எனக்கு கம்ப்யூட்டர் படிப்புல ரொம்ப பிடிச்ச டிசைன் இதுதான், பரீட்சைக்கு படிச்சப்ப வெறும் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணேன், வேலைக்கு வந்தப்புறம்தான் அழகு தெரிஞ்சுது.

குறையும் இருக்கு. 1 ஜிபி படம்னா 2,62,144 பிளாக், அத்தன நம்பரையும் ஒவ்வொண்ணா எழுதணும், அது வரிசையா இருந்தாலும்கூட. அதான் 2008ல வந்த ஈஎக்ஸ்டி4ல பழையபடி இங்க ஆரம்பம், இத்தன பிளாக்னு எழுதற முறைக்கு திரும்பிட்டாங்க, அதுக்கு எக்ஸ்டென்ட்னு பேரு. ஒரு எக்ஸ்டென்ட்ல 128 எம்பி வரைக்கும் அடங்கும், அதிர்ஷ்டம் இருந்தா அந்த படம் எட்டே வரில முடிஞ்சிடும். முதல்ல வேணாம்னு தள்ளின வரிசை முறைதான் துண்டு துண்டா வெட்டிக்கிட்டு திரும்ப வந்திருக்கு.

எது காலிங்கிற கணக்குக்கு இங்க பிட்மேப், பிளாக்குக்கு ஒரு பிட்டு, 1 இருந்தா ஆள் இருக்கு, 0 இருந்தா காலி. 1 டிபிக்கு 4 கேபி பிளாக்னா மொத்த பிட்மேப்பே 32 எம்பிதான். பழைய யுனிக்ஸ்ல இது இல்லாம காலி பிளாக்கயெல்லாம் ஒரு சங்கிலியா கோத்து வச்சிருந்தாங்க. புதுசுல சங்கிலி வரிசையா இருக்கும், ஃபைல் அழிய அழிய சங்கிலி கலைஞ்சு, புது ஃபைலுக்கு பிளாக் டிஸ்க் பூரா சிதறி கிடைக்கும். அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டில மெக்குசிக் குழு 1984ல எழுதின கட்டுரைல கணக்கு இருக்கு, புதுசா பார்மட் பண்ணப்ப செகண்டுக்கு 175 கேபி வேகம், சில வாரம் சாதாரணமா உபயோகிச்சப்புறம் 30 கேபி. டிஸ்க்கு அதே டிஸ்க்குதான், ஒதுக்கீடு கெட்டதுல ஆறு பங்குல ஒரு பங்கா விழுந்துடுச்சு. அவங்க பிட்மேப் வச்சு, டிஸ்க்க பேட்டை பேட்டையா பிரிச்சு, ஒரு ஃபோல்டர் ஃபைல்ங்கள முடிஞ்சவரை ஒரே பேட்டைல குடி வச்சு, 10 சதவீதம் இடத்த காலியாவே விட்டாங்க, டிஸ்க் நிரம்பி வழிஞ்சா நல்ல இடமா பாத்து ஒதுக்கவே முடியாதே. ஈஎக்ஸ்டி4ல இன்னிக்கும் 5 சதவீதம் ரூட்டுக்குன்னு, அதாவது சிஸ்டம் நிர்வாகிக்குன்னு, தனியா எடுத்து வைக்கிறது அந்த வழக்கத்தோட மிச்சம்தான். 1 டிபி டிஸ்க்ல அது 50 ஜிபி, வெறும் படம் பாட்டு வைக்கிற டிஸ்க்னா அத 1 சதவீதமா குறைச்சுக்கலாம், ஒண்ணும் ஆகாது.

சிதறல் எல்லாம் சுத்துற டிஸ்க்குக்குத்தான் வலி. நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்துற டிஸ்க்ல ஒரு சுத்துக்கே 8 மில்லிசெகண்டுக்கு மேல, படிக்கிற தலை நகர்ற நேரம் தனி. எஸ்எஸ்டில நகர எதுவும் இல்ல, அதுக்கு போய் டிஃப்ராக், அதாவது சிதறினத வரிசையா அடுக்குறது, பண்றேன்னு யாராவது வந்தா விடாதீங்க, சும்மா எழுதி எழுதி தேயத்தான் செய்யும். அங்க டிரிம்னு ஒண்ணு உண்டு, இந்த பிளாக்லாம் இனி வேணாம்னு ஆபரேட்டிங் சிஸ்டம் டிஸ்க்குக்கு சொல்றது. அதனாலதான் எஸ்எஸ்டில அழிஞ்ச ஃபைல மீட்கிறது பெரும்பாலும் நடக்காத காரியம்.

நோட்டு வேற, இடம் வேறங்கிறது எனக்கு மண்டைல ஏறினது ரெண்டு அடி வாங்கினப்புறம்தான். முன்னாடி வேலை பாத்த இடத்துல ஒரு சர்வர், 40 ஜிபி டிஸ்க், பாதிக்கு மேல காலின்னு டிஎஃப் கமாண்ட் சொல்லுது, ஆனா எதை எழுதினாலும் இடம் இல்லன்னு திட்டுது. ஒரு மணி நேரம் மண்டைய பிச்சிக்கிட்டேன். பக்கத்து சீட் அக்கா எட்டி பாத்துட்டு "டிஎஃப்ல ஐ போட்டு பாத்தியாப்பா"ன்னாங்க. போட்டா ஐநோட் நூறு சதவீதம் தீந்து போயிருக்கு. ஈஎக்ஸ்டி4 பார்மட் பண்ணும்போதே வழக்கமா 16 கேபிக்கு ஒண்ணுன்னு ஐநோட எண்ணி வச்சிடும், 40 ஜிபிக்கு சுமார் 26 லட்சம், அப்புறம் ஃபைல் சிஸ்டத்தையே பெருசாக்காம அத கூட்ட முடியாது. எங்க வெப்சைட் ஒவ்வொரு விசிட்டருக்கும் ஒரு துக்கடா செஷன் ஃபைல எழுதிட்டு, அழிக்கவே இல்ல. 26 லட்சம் சீட்டும் தீந்துடுச்சு, அரிசி இருக்கு, ரேஷன் கார்டு அச்சடிக்க பேப்பர் இல்ல. எக்ஸ்எஃப்எஸ் மாதிரி சில ஃபைல் சிஸ்டத்துல ஐநோட தேவைக்கு உருவாக்கிக்கும், இந்த தொல்லை கம்மி.

ரெண்டாவது அடி லாக் ஃபைல், அதாவது புரோகிராம் தான் செஞ்சத எழுதிக்கிட்டே போற ஃபைல். 30 ஜிபிக்கு வளந்திருந்துச்சு, ராத்திரி தைரியமா ஆர்எம் கமாண்ட் போட்டு அழிச்சேன், டிஎஃப் பாத்தா ஒரு எம்பிகூட குறையல. டியூ கமாண்ட் போட்டு ஃபோல்டர் ஃபோல்டரா கூட்டி பாத்தா 30 ஜிபி கம்மியா காட்டுது. நான் அழிச்சது ஃபோல்டர்ல இருந்த பேர மட்டும்தான், எழுதிட்டிருந்த புரோகிராம் அந்த ஐநோட இன்னும் கைல பிடிச்சிட்டிருக்கு, அது விடற வரைக்கும் பிட்மேப்ல 1 எல்லாம் 1ஆவே நிக்கும். டியூ பேர வச்சு எண்ணுது, டிஎஃப் மொத்த கணக்க பாத்து சொல்லுது, அதான் வித்தியாசம். புரோகிராம ரீஸ்டார்ட் பண்ணதும் 30 ஜிபியும் பொசுக்குன்னு திரும்பி வந்துச்சு. இப்பல்லாம் ஓடிட்டிருக்கிற லாக்க நான் அழிக்கிறதே இல்ல, உள்ள இருக்கிறத காலி பண்ணி சைஸ பூஜ்யமாக்கிடுவேன்.

சித்தப்பா பையன் ஊருக்கு போய் மறுநாள் போன் பண்ணான். "அண்ணே, டிவில பென்டிரைவே தெரியலண்ணே." அவங்க வீட்டு டிவி பழசு, எக்ஸ்ஃபேட்ங்கிற நோட்ட அதுக்கு படிக்க தெரியாது, ஃபேட்32 மட்டும்தான் தெரியும். கடைசில ஃபேட்32லயே திரும்ப பார்மட் பண்ணி, வீடியோவ ரெண்டா வெட்டி போட சொன்னேன், தாலி கட்டுற வரைக்கும் ஒண்ணு, பந்திலேருந்து இன்னொண்ணு.